பழியைத் தன் மீதே ஏற்றுக்கொண்ட தந்தை ஆதம் (அலை)



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே உரியது. அவனுடைய ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

அல்லாஹ்வின் நல்லடியார்களே!

இன்று ஜும்ஆ நாள். குளித்து, நல்ல ஆடை உடுத்தி, நறுமணம் பூசிப் பள்ளிக்கு வருகிறோம். இந்த நாளின் சிறப்பைப் பற்றி அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸை நம்மில் பலரும் கேட்டிருப்போம். சூரியன் உதிக்கும் நாட்களில் சிறந்தது வெள்ளிக்கிழமை. அன்றுதான் ஆதம் (அலை) படைக்கப்பட்டார்கள். அன்றுதான் சொர்க்கத்தில் நுழைவிக்கப்பட்டார்கள். அன்றுதான் அதிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். (நூல்: முஸ்லிம்)

படைக்கப்பட்டது சிறப்பு. சொர்க்கத்தில் நுழைந்தது அதைவிடச் சிறப்பு. ஆனால் வெளியேற்றப்பட்டது? ஒரு குடும்பம் வீட்டை இழந்த நாளை யாராவது நல்ல நாளின் சிறப்புகளில் சேர்த்து எண்ணுவார்களா? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு, நம் ஆதித் தந்தையின் வரலாற்றை இன்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பதிலைக் கடைசியில் காண்போம், இன்ஷா அல்லாஹ்.

நாம் கேட்டு வளர்ந்த கதை

சிறு வயதில் பாட்டியிடமோ மதரஸாவிலோ ஆதம் (அலை) அவர்களின் கதையைக் கேட்டிருப்பீர்கள். இப்லீஸ் சொர்க்கத்துக்குள் நுழைய வழி தேடினான். மயில் அவனுக்கு உதவியது. அப்போது கால்களோடு நடமாடிய பாம்பின் வாய்க்குள் ஒளிந்துகொண்டு உள்ளே போனான். முதலில் ஹவ்வா (அலை) அவர்களை ஏமாற்றினான். அவர்கள் தாமும் உண்டு, கணவரையும் உண்ண வைத்தார்கள். கடைசியில் "எல்லாம் ஒரு பெண்ணால் வந்த வினை" என்று கதை முடியும்.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது? பழைய ஏற்பாட்டின் ஆதியாகமத்தில் பாம்பு பெண்ணிடம் பேசுகிறது. அவள் உண்டு கணவனுக்கும் கொடுக்கிறாள். விசாரணை வரும்போது ஆண் பெண்ணைக் கைகாட்டுகிறான், பெண் பாம்பைக் கைகாட்டுகிறாள். வேதக்காரர்களிடம் இருந்த இத்தகைய செய்திகளும், அவற்றின் மேல் வளர்ந்த மற்ற கதைகளும், பிற்காலத்தில் நம்முடைய சில தஃப்ஸீர் நூல்களிலும் நபிமார்கள் வரலாற்று நூல்களிலும் இடம்பெற்றன. உலமாக்கள் இவற்றை 'இஸ்ராயீலிய்யாத்' என்று பிரித்துச் சொல்வார்கள்.

இவற்றை எப்படி அணுகுவது? வேதக்காரர்கள் கூறுவதை உண்மையென்றும் சொல்லாதீர்கள், பொய்யென்றும் சொல்லாதீர்கள் என்பது நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டல். (நூல்: புகாரி) குர்ஆனும் ஆதாரப்பூர்வமான ஹதீஸும் உறுதி செய்தவற்றை ஏற்போம். அவற்றுக்கு முரணானதை விட்டுவிடுவோம். இரண்டிலும் வராதவற்றில் மௌனமாக இருப்போம். அவற்றின் மேல் மார்க்கத்தைக் கட்டமாட்டோம்.

அந்த மரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அது கோதுமை என்றார்கள், திராட்சை என்றார்கள், அத்தி என்றார்கள். ஐரோப்பிய ஓவியர்கள் ஆப்பிள் என்று வரைந்தார்கள். ஆதியாகமத்தில்கூட ஆப்பிள் என்று இல்லை. லத்தீன் மொழியில் தீமையைக் குறிக்கும் சொல்லும் ஆப்பிளைக் குறிக்கும் சொல்லும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. இமாம் தபரீ (ரஹ்) அவர்கள் இந்தக் கருத்துகளையெல்லாம் எடுத்தெழுதிவிட்டு, அது எந்த மரம் என்று திட்டமாகச் சொல்ல குர்ஆனிலோ ஸஹீஹான சுன்னாவிலோ ஆதாரம் இல்லை; அதை அறிந்தவருக்கு அதனால் பயனும் இல்லை, அறியாதவருக்கு நஷ்டமும் இல்லை என்ற கருத்தில் முடிக்கிறார்கள்.

மரத்தின் பெயர் தெரியாமல் போனால் நஷ்டமில்லை. ஆனால் பழியை யார் மீது போடுவது என்பதில் தவறினால் பெரிய நஷ்டம் உண்டு. அதைத்தான் இப்போது பார்க்கப்போகிறோம்.

குர்ஆன் பழியை எங்கே வைக்கிறது?

ஆதம் (அலை) அவர்களின் வரலாறு குர்ஆனில் பல இடங்களில் வருகிறது. அந்த மரத்தின் சம்பவம் அல்பகரா (2:35-38), அல்அஃராஃப் (7:19-25), தாஹா (20:115-123) ஆகிய மூன்று அத்தியாயங்களில் விரிவாகச் சொல்லப்படுகிறது. இந்த மூன்றையும் தர்ஜுமாவோடு இன்றிரவு ஒருமுறை ஓதிப் பாருங்கள். பாம்பு இல்லை, மயில் இல்லை, பெண் கணவனை ஏமாற்றிய செய்தியும் இல்லை.

அல்அஃராஃபில் ஷைத்தான் இருவருக்குமே ஊசலாட்டத்தை ஏற்படுத்தினான் என்று வருகிறது. நீங்கள் மலக்குகளாகிவிடுவீர்கள், அல்லது என்றென்றும் வாழ்வீர்கள் என்று ஆசை காட்டினான். நான் உங்கள் நலம் நாடுபவன் என்று சத்தியமும் செய்தான். அல்பகராவில் இருவரையும் சறுக்கச் செய்தான் என்று வருகிறது. தாஹாவிலோ, ஷைத்தான் பேசியது ஆதமிடம் என்றே வருகிறது. இருவரும் உண்டார்கள் என்று கூறிய அதே வசனம், ஆதம் தம் இறைவனுக்கு மாறு செய்தார் என்று அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது (20:121). ஹவ்வா (அலை) அவர்களின் பெயர் குர்ஆனில் எங்குமே இல்லை. 'உம் மனைவி' என்றுதான் வருகிறது. நாம் கேட்டு வளர்ந்த கதையில் குற்றவாளி பெண். குர்ஆனில் இருவரும் சேர்ந்து சறுக்கினார்கள், பொறுப்பு குடும்பத் தலைவரின் பெயரில் எழுதப்பட்டது.

இங்கே ஒரு சகோதரர் கேட்கலாம்: "ஹவ்வா இல்லாவிட்டால் எந்தப் பெண்ணும் கணவனுக்கு மாறு செய்திருக்கமாட்டாள் என்ற கருத்தில் புகாரியிலும் முஸ்லிமிலும் ஹதீஸ் இருக்கிறதே?" ஆம், இருக்கிறது. அது ஸஹீஹானது, நாம் அதை மறைக்கவில்லை. அதை விளக்கும் இமாம் இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (ரஹ்) அவர்கள், மரத்திலிருந்து உண்பதை ஹவ்வா (அலை) கணவருக்கு அழகாகக் காட்டியதையே அது சுட்டுகிறது என்றும், மானக்கேடான எதையும் அது குறிக்காது என்றும் எழுதுகிறார்கள். பிறகு அவர்கள் சொல்லும் படிப்பினை முக்கியமானது: மனைவியரிடம் அரிதாகவோ, நோக்கமின்றியோ ஏதேனும் தவறு நேர்ந்தால், நம் மூத்த தாய்க்கும் நேர்ந்ததை நினைத்து ஆண்கள் ஆறுதல் கொள்ளட்டும்; பழிப்பதில் எல்லை மீற வேண்டாம். பாருங்கள், எந்த ஹதீஸை வைத்து ஆண்கள் பெண்களைப் பழிக்கிறார்களோ, அதே ஹதீஸிலிருந்து அந்த இமாம் எடுத்தது பழிப்பதில் நிதானம் காட்டும் பாடத்தை!

இரண்டு பேர் தவறினார்கள்

சகோதரர்களே! இந்த வரலாற்றில் கட்டளையை மீறியது ஆதம் (அலை) மட்டுமல்ல. அவர்களுக்கு முன்பே இப்லீஸ் மீறினான். ஸுஜூது செய்யச் சொன்ன கட்டளையை அவன் மறுத்தான். நெருங்காதே என்ற கட்டளையை ஆதம் (அலை) மறந்து மீறினார்கள். ஒருவன் சபிக்கப்பட்டான், மற்றவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஏன்?

இருவரும் தவறுக்குப் பிறகு என்ன பேசினார்கள் என்று பாருங்கள்.

ஏன் ஸுஜூது செய்யவில்லை என்று அல்லாஹ் இப்லீஸிடம் கேட்டான். நான் அவரைவிடச் சிறந்தவன், நான் நெருப்பு, அவர் மண் என்றான் (7:12, 38:76). பிறகு, நீ என்னை வழிகெடுத்துவிட்டதால் நான் அவர்களை வழிகெடுப்பேன் என்று பழியைப் படைத்தவன் மீதே போட்டான் (7:16, 15:39). அவனுடைய பேச்சில் பெருமை இருந்தது, காரணம் இருந்தது, பழி இருந்தது. 'மன்னித்துவிடு' என்ற ஒரு சொல் மட்டும் இல்லை. அவகாசம் கேட்டான், மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்ட அவகாசம் கிடைத்தது. கேட்காத மன்னிப்பு கிடைக்கவில்லை.

இப்போது நம் பெற்றோரைப் பாருங்கள். அவர்களிடம் சொல்வதற்குக் காரணங்கள் இல்லாமலா போய்விட்டது? ஷைத்தான் ஏமாற்றினான் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. பொய்ச் சத்தியத்தை நம்பிவிட்டோம் என்று சொல்லியிருக்கலாம். மறந்துவிட்டேன் என்று ஆதம் (அலை) சொல்லியிருக்கலாம். அவர் மறந்ததை அல்லாஹ்வே தாஹாவில் குறிப்பிடுகிறான் (20:115). இவள்தான் என்று அவரும், இவர்தான் என்று அவர்களும் ஒருவரையொருவர் கைகாட்டியிருக்கலாம். இவற்றில் ஒன்றையும் அவர்கள் சொல்லவில்லை. இருவரும் ஒரே குரலில், எங்களுக்கு நாங்களே அநீதி செய்துகொண்டோம், நீ மன்னித்துக் கருணை காட்டாவிட்டால் நாங்கள் நஷ்டமடைந்துவிடுவோம் என்ற கருத்தில் மன்றாடினார்கள் (7:23). தவ்பாவுக்கான அந்தச் சொற்களையும் அல்லாஹ்வே கொடுத்தான் என்கிறது அல்பகரா (2:37).

ஆக, தவறு செய்வது மட்டும் ஒருவனை இப்லீஸின் பக்கம் சேர்த்துவிடாது. தவறை நியாயப்படுத்துவதும், பழியை வேறொருவர் தலையில் கட்டுவதும்தான் சேர்க்கும். ஆதமுடைய மக்கள் அனைவரும் தவறு செய்பவர்களே, அவர்களில் சிறந்தவர்கள் தவ்பா செய்பவர்கள் என்ற கருத்தில் வரும் ஹதீஸும் (நூல்: திர்மிதீ) இதையே சொல்கிறது.

இப்போது அந்தப் பழைய கதைக்குத் திரும்புங்கள். "எல்லாம் ஹவ்வாவால்" என்று நாம் சொல்லும்போது என்ன செய்கிறோம்? ஆதம் (அலை) அவர்களே தம் மீது ஏற்றுக்கொண்ட பழியை அவர்களிடமிருந்து பிடுங்கி, அவர்கள் கைகாட்டாத மனைவியின் மீது போடுகிறோம். நம் தந்தை பேசாத பேச்சை அவர்கள் பெயரால் நாம் பேசுகிறோம்!

விதியின் மீது போடலாமா?

சிலர் மனிதர்கள் மீது பழி போடுவதில்லை. "எல்லாம் விதி, எழுதியபடி நடந்தது" என்பார்கள். இதற்கும் ஆதம் (அலை) அவர்களையே சான்றாகக் காட்டுவார்கள். மூஸா (அலை) அவர்கள், எங்களைச் சொர்க்கத்திலிருந்து வெளியேற்றிவிட்டீர்களே என்று ஆதம் (அலை) அவர்களிடம் கேட்க, நான் படைக்கப்படுவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அல்லாஹ் எழுதிய ஒன்றுக்காகவா என்னைப் பழிக்கிறீர் என்று அவர்கள் பதில் சொன்னார்கள். அந்த வாதத்தில் ஆதம் (அலை) வென்றார்கள். (நூல்: புகாரி, முஸ்லிம்)

இதை உலமாக்கள் அழகாக விளக்குகிறார்கள். மூஸா (அலை) கேட்டது பாவத்தைப் பற்றியல்ல. மனித குலத்துக்கு நேர்ந்த இழப்பைப் பற்றி. பாவத்திலிருந்து தவ்பா செய்து, மன்னிப்பும் பெற்ற பிறகு, நேர்ந்துவிட்ட இழப்பை விதியிடம் ஒப்படைத்து மனம் ஆறலாம். ஆனால் பாவம் செய்த நேரத்தில் ஆதம் (அலை) விதியைச் சாக்காகச் சொன்னார்களா? இல்லை. அப்போது அவர்கள் சொன்னது, அநீதி செய்துவிட்டோம் என்பதே. நோயும் நஷ்டமும் வரும்போது விதியை நினைத்துப் பொறுமை கொள்ளலாம். தொழுகையை விட்டதற்கும் வட்டி வாங்கியதற்கும் விதியைக் காரணம் காட்ட முடியாது.

பூமி நமக்குத் தண்டனைக் கூடமா?

கிறிஸ்தவ சகோதரர்கள் பலர், முதல் மனிதரின் பாவம் பிறக்கும் ஒவ்வொருவரையும் தொடர்கிறது என்று நம்புகிறார்கள். அதை ஜென்ம பாவம் என்கிறார்கள். நமக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஒருவரின் சுமையை இன்னொருவர் சுமக்கமாட்டார் என்பது குர்ஆன் வகுத்த சட்டம் (6:164). ஆதம் (அலை) அவர்களின் பாவமும் மன்னிக்கப்பட்டுவிட்டது. தாஹாவில் வரிசையைக் கவனியுங்கள். அல்லாஹ் அவரைத் தேர்ந்தெடுத்தான், மன்னித்தான், நேர்வழி காட்டினான் என்று முதலில் வருகிறது (20:122). இறங்குங்கள் என்ற கட்டளை அதற்கு அடுத்த வசனத்தில் வருகிறது. இந்த வரிசைப்படி, மன்னிப்புக் கிடைத்தவராகத்தான் அவர் பூமிக்கு வருகிறார்.

அதுமட்டுமல்ல. ஆதம் (அலை) படைக்கப்படுவதற்கு முன்பே, பூமியில் ஒரு கலீஃபாவை ஏற்படுத்தப்போகிறேன் என்று அல்லாஹ் மலக்குகளிடம் அறிவித்துவிட்டான் (2:30). மரத்தின் சம்பவத்துக்கு முன்பே பூமி நமக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தது. இங்கே நாம் நாடு கடத்தப்பட்ட கைதிகள் அல்லர், பொறுப்போடு அனுப்பப்பட்டவர்கள்.

பூமியில் அவர்கள் இறங்கிய இடம் எது? நம் பகுதி மக்களுக்கு இந்தக் கேள்வி மிக நெருக்கமானது. இலங்கையில் 2,243 மீட்டர் உயரமுள்ள மலையைப் 'பாவா ஆதம் மலை' என்கிறோம். அதன் உச்சியில் உள்ள பாதத்தடத்தை முஸ்லிம்கள் பலர் ஆதம் (அலை) அவர்களுடையது என்பார்கள். பௌத்தர்கள் புத்தருடையது என்பார்கள். இந்துக்கள் சிவனுடையது என்பார்கள். பயணி இப்னு பதூதா 1344ஆம் ஆண்டு இலங்கை வந்தபோது அந்த மலையில் ஏறினார். ராமேஸ்வரத்தில் ஹாபீல், காபீல் அடங்கியிருப்பதாகச் சொல்லப்படும் தர்ஹா இருக்கிறது. ஹவ்வா (அலை) இறங்கியது ஜித்தா என்பார்கள். அந்த ஊரின் பெயரைப் பாட்டியைக் குறிக்கும் அரபுச் சொல்லோடு இணைத்துப் பேசுவார்கள்.

ஆதம் (அலை) இந்திய மண்ணில் இறங்கினார்கள் என்ற அறிவிப்புகள் பழைய தஃப்ஸீர்களில் உண்டு. ஆனால் குர்ஆன் எந்த ஊரையும் சொல்லவில்லை; நபி (ஸல்) அவர்களிடமிருந்து உறுதியான ஹதீஸும் இல்லை. அந்தச் சொர்க்கம் மறுமையின் சொர்க்கமா, பூமியிலேயே இருந்த ஒரு தோட்டமா என்பதில்கூட உலமாக்களிடையே பேச்சு உண்டு. பெரும்பாலோர் மறுமையின் சொர்க்கமே என்பார்கள். இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) இரு தரப்பின் ஆதாரங்களையும் விரிவாக எழுதியிருக்கிறார்கள். எனவே இதில் யாரோடும் சண்டைக்குப் போகவேண்டாம். தந்தையின் காலடி எந்தப் பாறையில் பதிந்தது என்பது நம் கேள்வியல்ல. தவறிய பின் அந்தக் கால்கள் எந்தத் திசையில் திரும்பின என்பதுதான் கேள்வி. அவை தம் ரப்பை நோக்கித் திரும்பின.

நம் வீட்டில் இந்த வரலாறு

வட்டிக்குக் கடன் வாங்கி மகளின் திருமணத்தை ஆடம்பரமாக நடத்திய ஒருவரை நினைத்துப் பாருங்கள். கடன் கழுத்தை நெரிக்கும்போது, "உன் தாய் வீட்டார் முன்னால் மானம் போகக்கூடாது என்று நீதானே சொன்னாய்" என்று மனைவியை ஏசுகிறார். கையெழுத்துப் போட்டது யார்? கடையில் கூட்டாளியிடம் கணக்கை மறைத்தவர், "எல்லோரும் செய்வதுதானே" என்கிறார். பிள்ளையை அடித்தவர், "கோபம் வரவைத்தது அவன்தான்" என்கிறார். மனைவி கணவனைக் கைகாட்டுகிறாள், அண்ணன் தம்பியைக் கைகாட்டுகிறான். வீடு முழுக்கக் கைகள் நீண்டிருக்கின்றன. து ஆவுக்காக ஏந்திய கை ஒன்றுகூட இல்லை!

நம் முதல் தாய் தந்தையர் எப்படி நின்றார்கள்? சொர்க்கத்தையே இழக்கும் நேரத்தில், ஒருவர் பக்கம் ஒருவர் விரல் நீட்டாமல், சேர்ந்து கையேந்தினார்கள். உலகின் முதல் குடும்பத்தில் வந்த முதல் சோதனை, கணவன் மனைவி சேர்ந்து செய்த தவ்பாவில் முடிந்தது. 

எனவே இந்த வாரம் மூன்று காரியங்களைச் செய்து பாருங்கள்.

முதலாவது, யாரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களோ அந்த விஷயத்தில் உங்கள் பங்கு எவ்வளவு என்று தனிமையில் கணக்குப் பாருங்கள். பிறருடைய பங்கு அல்லாஹ்விடம் இருக்கிறது. உங்கள் பங்குக்கு மட்டுமே நீங்கள் பதில் சொல்லவேண்டும்.

இரண்டாவது, அந்தப் பங்கை வாய்விட்டு ஒப்புக்கொள்ளுங்கள். அல்லாஹ்வுக்குச் செய்த தவறை ஸுஜூதில் சொல்லுங்கள். மனிதருக்குச் செய்ததை அவரிடமே சொல்லி, பறித்த உரிமை இருந்தால் திருப்பிக் கொடுங்கள். வீட்டில் மனைவியிடம் "தவறு என்னுடையது" என்று சொல்வதால் ஆண்மை குறைந்துவிடாது. நபியாக இருந்த நம் தந்தையே தவறை ஒப்புக்கொண்டார்கள்.

மூன்றாவது, உங்கள் பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றைச் சொல்லும்போது குர்ஆன் சொன்னபடி சொல்லுங்கள். பாம்பையும் மயிலையும் விட்டுவிடுங்கள். மகள் கேட்டுக்கொண்டிருக்கும்போது, பெண்ணால்தான் சொர்க்கம் போனது என்று சொல்லாதீர்கள். தவறு செய்தால் ஒளியாமல் வந்து சொல்ல வேண்டும், அல்லாஹ் மன்னிப்பான் என்பதை மகனும் மகளும் சேர்ந்து கற்றுக்கொள்ளட்டும்.

பல ஆண்டுகள் தொழாமல் இருந்துவிட்டேன், இனி என்ன முகத்தோடு பள்ளிக்கு வருவது என்று இதைப் படிக்கும் யாராவது நினைக்கிறீர்களா? உங்களுக்கும் இந்த வரலாறு சொந்தம். இனி வழியில்லை என்று உங்கள் காதில் சொல்பவன், அன்று உங்கள் தந்தையிடம் பொய்ச் சத்தியம் செய்தவன்தான். அவன் பேச்சை நம்பாதீர்கள். இன்று அஸருக்கே வந்துவிடுங்கள்.

இப்போது தொடக்கத்தில் கேட்ட கேள்வி. வெளியேற்றப்பட்ட நாள் எப்படிச் சிறப்பாகும்? காழீ இயாழ் (ரஹ்) அவர்கள், வெளியேற்றம் சிறப்பாகச் சொல்லப்படவில்லை, அந்நாளில் நடந்த மாபெரும் நிகழ்வுகளில் ஒன்றாகச் சொல்லப்பட்டது என்றார்கள். இமாம் அபூபக்ர் இப்னுல் அரபீ (ரஹ்) அவர்களோ, அதுவும் சிறப்பே. ஆதம் (அலை) வெளியேறியதால்தான் அவர்களின் சந்ததியும், அதில் நபிமார்களும் ரஸூல்மார்களும் நல்லடியார்களும் தோன்றினார்கள் என்றார்கள். இமாம் நவவீ (ரஹ்) இந்த இரண்டு கருத்துகளையும் முஸ்லிமின் விரிவுரையில் எடுத்தெழுதுகிறார்கள்.

அந்த வெளியேற்றம் ஒரு முடிவாக இருந்திருந்தால் அது துக்க நாள். ஆனால் அவர்கள் தவ்பாவோடு வெளியேறினார்கள். அதனால் அது பயணத்தின் தொடக்கமாக ஆனது. என் வழிகாட்டல் வரும், அதைப் பின்பற்றுவோருக்குப் பயமும் இல்லை, கவலையும் இல்லை என்ற வாக்குறுதியோடு அல்லாஹ் அனுப்பிவைத்தான் (2:38). திரும்பும் வழி அன்றே காட்டப்பட்டுவிட்டது.

யா அல்லாஹ்! எங்கள் தந்தை ஆதம் (அலை), எங்கள் தாய் ஹவ்வா (அலை) ஆகியோரின் தவ்பாவை ஏற்றுக்கொண்டதைப் போல எங்கள் தவ்பாவையும் ஏற்றுக்கொள்வாயாக! தவறை ஒப்புக்கொள்ளும் பணிவை எங்களுக்குத் தருவாயாக! எங்கள் கணவன் மனைவியரிடையே அன்பையும் மன்னிக்கும் மனதையும் ஏற்படுத்துவாயாக! பெருமையை விட்டும், பழிபோடும் நாவை விட்டும் எங்களைப் பாதுகாப்பாயாக! எங்கள் பெற்றோர் இழந்த இடத்தில், எங்களையும் எங்கள் பிள்ளைகளையும் அவர்களோடு ஒன்று சேர்ப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.